மூணரை இஞ்ச் உயரம்... பதினேழு வளைவு!

"மச்சான், வண்டி ரெடி. போட்டோ அனுப்பியிருக்கேன், பாரு!"

போட்டோவைப் பார்த்ததும் ஹாஸ்டல் ரூமே 'ஓ'ன்னு கத்திச்சு. பழைய மகிந்திரா எம்எம் 540. பச்சை கலர். நேத்து வரைக்கும் சாதுவா நின்ன ஜீப்பு, இப்போ நெஞ்சை நிமிர்த்திக்கிட்டு நிக்குது. கீழே குண்டு குண்டா 31 இஞ்ச் டயர். உங்க கேங்ல ஒருத்தன் இப்படி ஒரு போட்டோ அனுப்பினா நீங்க என்ன செய்வீங்க? அதையேதான் நாங்களும் செஞ்சோம். சனிக்கிழமை காலையில மதுரையில ரயில் ஏறிட்டோம்.

போடிநாயக்கனூர் போயிருக்கீங்களா? இல்லைன்னா ஒருதரம் போங்க. அகலப்பாதை வேலைக்காக 2010 கடைசியில நின்ன ரயில், 2023 ஜூன்லதான் மறுபடி ஊருக்குள்ள வந்துச்சு. ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தா மூணு பக்கமும் மலை. ஏலக்காய் வியாபாரத்துக்குப் பேர் போன ஊர். சில தெருவுல நடந்தாலே யாரோ பாயசம் வைக்கிற மாதிரி வாசம் வரும்.

விடியற்காலையில வந்தீங்கன்னா இன்னொரு காட்சியும் பார்க்கலாம். தூக்குவாளியோட பொம்பளைங்க கும்பல் கும்பலா நிப்பாங்க. ஜீப்பு வரும், ஏறுவாங்க, மலைக்குப் போவாங்க. மேலே பூப்பாறை பக்கம் இருக்கற ஏலத்தோட்டத்துல வேலை. சாயங்காலம் அதே ஜீப்புல இறங்குவாங்க.

நம்ம நண்பனோட ஜீப்பும் அப்படிப்பட்டதுதான். அவங்க அப்பா சின்னதா ஒரு தோட்டம் குத்தகைக்கு எடுத்திருக்கார். வேலையாட்களை ஏத்திக்கிட்டுப் போறது இந்த வண்டிதான். மதுரையில அவருக்குக் கண் ஆபரேஷன். பத்து நாள் அக்கா வீட்டுல தங்கல். அதுவரைக்கும் ஆளுங்களுக்கு வாடகை ஜீப்பு. அந்த கேப்புல பையன் கெடா வெட்டிட்டான்!

கேட்டரிங் சர்வீஸ்ல ஆறு மாசம் பந்தி பரிமாறி சேர்த்த காசு. வெளியூர் ஒர்க் ஷாப் ஒண்ணுல கொண்டுபோய் விட்டிருக்கான். ஞாயிறு ராத்திரி அப்பா ஊர் திரும்புறார். திங்கள் காலையில வண்டி தோட்டத்துக்குப் போயாகணும். "அப்பா பார்த்து அசந்துடுவார்டா!"ன்னு சொன்னான்.

முதல் விமர்சனம் பக்கத்து வீட்டு அப்பத்தாகிட்டேர்ந்து வந்துச்சு. முப்பது வருஷமா தோட்டத்து வேலைக்குப் போறவங்க. வண்டியைச் சுத்தி வந்து பார்த்துட்டு, "ஏய்யா, எல்லாம் நல்லாத்தான் இருக்கு... இதுல நாங்க எப்பிடி ஏறுறது?"ன்னு கேட்டாங்க.

நாங்க சிரிச்சோம். அவங்க சிரிக்கலை.

மூணாவது வளைவு

பிளான் இதுதான். போடிமெட்டு ஏறி, பூப்பாறை வழியா சூரியநெல்லி. ராத்திரி அங்கே தங்கி, ஞாயிறு விடியறப்போ கொழுக்குமலையில சூரிய உதயம். கொழுக்குமலை இருக்கறது நம்ம தேனி மாவட்டத்துல. ஆனா, ஜீப்புல போகணும்னா கேரளாவுக்குள்ள போய் சூரியநெல்லியிலேர்ந்துதான் ஏறணும். எப்படி விசித்திரம்?

போடியிலேர்ந்து முந்தல் வரைக்கும் ரோடு ஓரளவு நேர்தான். அங்கேயே ஆரம்பிச்சுது ரகளை. வண்டி நேரா போகவே மாட்டேங்குது. நண்பன் ஸ்டீயரிங்கை இந்தப் பக்கம் அந்தப் பக்கம்னு அம்மி அரைக்கிற மாதிரி ஆட்டிக்கிட்டே இருந்தான். வேகம் ஐம்பதைத் தொட்டப்போ ஒரு சின்னப் பள்ளம். அவ்ளோதான்! முன்சக்கரம் ரெண்டும் சாமி வந்த மாதிரி ஆட ஆரம்பிச்சுது. ஸ்டீயரிங் கையை உதறுது. டாஷ்போர்டு கடகடன்னுது. மெதுவா வேகத்தைக் குறைச்சு, முப்பதுக்குக் கீழே வந்த பிறகுதான் ஆட்டம் நின்னுச்சு.

"புது டயர்டா, செட் ஆகணும்" என்றான். நாங்களும் நம்பினோம். நம்பணும்னு ஆசை இருந்துச்சு!

முந்தல் தாண்டினா மலை. போடிமெட்டு வரைக்கும் 17 கொண்டை ஊசி வளைவு. முதல் வளைவுல திருப்பின ஸ்டீயரிங் தானா திரும்பி வரலை. கையால இழுத்து நேராக்க வேண்டியிருந்துச்சு. ரெண்டாவதுலயும் அப்படியே. மூணாவதுல எதிரே பஸ். நண்பன் ஒதுங்கினான். உள் பக்கச் சக்கரம் ஒரு குழியில இறங்கி ஏறுச்சு. அந்த நொடியில அவன் கை அசையவே இல்லை, ஆனா வண்டி மட்டும் தானா ஒரு முழம் பஸ் பக்கம் திரும்புச்சு.

பஸ் டிரைவர் புண்ணியவான். நிறுத்திட்டார். நாங்க நாலு பேரும் கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. கடைசியில நண்பன்தான் பேசினான். "திங்கட்கிழமை இதுல அப்பத்தாவெல்லாம் வருவாங்கடா..."

வண்டியைத் திருப்பி, முதல் கியர்லயே ஊர்ந்து கீழே இறங்கினோம்.

பொய்க்கால் கட்டின ஜீப்பு

போடியில ஒரு தகரக் கொட்டகை. அவங்க அப்பாவோட பழைய சிநேகிதர் ஒருத்தர் அங்கே மெக்கானிக். நண்பனுக்கு மாமா முறை. வயசு அறுபதுக்கு மேல. வண்டியைப் பார்த்ததும் பீடியைக் கீழே போட்டார்.

"என்னப்பா மாப்ள... வண்டிக்குப் பொய்க்கால் கட்டிவிட்டிருக்க?"

திட்டுவார்னு நினைச்சோம். திட்டலை. "எந்த வேகத்துல ஆடுச்சு? பள்ளத்துல விழுந்தப்புறமா, சும்மாவேவா? பிரேக் அடிக்கறப்போ எந்தப் பக்கம் இழுக்குது?"ன்னு டாக்டர் மாதிரி ஒவ்வொண்ணா கேட்டார். அப்புறம்தான் ஸ்பேனரையே எடுத்தார். நீங்க மெக்கானிக்கல் ஸ்டூடண்ட்டா இருந்தா இந்த இடத்தை நல்லா கவனிங்க. நாலு செமஸ்டர்ல புரியாதது எனக்கு அந்த நாலு மணி நேரத்துல புரிஞ்சுது.

முதல்ல, என்ன செஞ்சிருக்காங்கன்னு பார்த்தார். பட்டைக்கட்டு நுனியில தொங்குற சேக்கிளை 2 இஞ்ச் நீளமா மாத்தியிருந்தாங்க. "இதனால வண்டி ரெண்டு இஞ்ச் ஏறிடுச்சுன்னு நெனச்சியா? பட்டையோட ஒரு நுனிதான் ரெண்டு இஞ்ச் இறங்குது. நடுவுல இருக்கற ஆக்சிலுக்கு அது ஒரு இஞ்ச்தான்." கூடவே வேற வண்டிப் பட்டை ஒண்ணு சொருகியிருந்தாங்க. அதுல ஒரு இஞ்ச். பழைய டயர் 28 இஞ்ச், புதுசு 31. வித்தியாசத்துல பாதி, ஒண்ணரை இஞ்ச். ஆக மொத்தம் மூணரை.

"கல்லுல இடிக்கிறது எது? ஆக்சில் நடுவுல இருக்கற குண்டு. பட்டையை ஏத்தினா பாடிதான் ஏறும், குண்டு இருந்த எடத்துலயேதான் இருக்கும். அதை ஏத்துறது டயர் மட்டும்தான்!"

நண்பன் முகத்தைப் பார்க்கணுமே!

சைக்கிள் பாடம்

"சைக்கிள்ல ரெண்டு கையையும் விட்டுட்டு ஓட்டியிருக்கியா?"ன்னு கேட்டார். ஓட்டாத ஆள் உண்டா?

"ஏன் விழலை? முன் ஃபோர்க்கு லேசா பின்னால சாஞ்சிருக்கு. அதனாலதான் சக்கரம் தானா நேராகுது. ஜீப்புலயும் கிங் பின் அப்படித்தான் மூணு டிகிரி சாஞ்சிருக்கணும்."

இதுக்குப் பேர்தான் காஸ்டர் கோணம். இந்த வண்டியில முன் பட்டையோட சேக்கிள், முன் நுனியில இருக்கு. அதை நீட்டினதும் பட்டையோட மூக்கு கீழே இறங்கி, ஆக்சில் முன்பக்கமா குப்புறச் சாஞ்சிடுச்சு. சாய்மானம் போச்சு. அதான் நேர் ரோட்டுல அலைபாய்ஞ்சதும், வளைவுல ஸ்டீயரிங் திரும்பி வராததும்.

மருந்து? ஆப்பு! நிஜமாவே ஆப்பு. பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவுல சரிவா சீவின இரும்புத் துண்டு வெச்சா கோணம் பழையபடி ஆகும். நம்ம வண்டி மாதிரி பட்டை ஆக்சிலுக்குக் கீழே இருந்தா ஆப்போட கெட்டிப் பக்கம் முன்னால வரணும். பட்டை ஆக்சிலுக்கு மேலே இருந்தா கெட்டிப் பக்கம் பின்னால. மாத்தி வெச்சா நோய் ரெட்டிப்பாகும்.

அடுத்தது, வண்டி தானா பஸ் பக்கம் திரும்பின கதை. "கையை நேரா பக்கவாட்டுல நீட்டு. மேலேயும் கீழேயும் கொஞ்சம் ஆட்டு. விரல் நுனி வெளியே போகுதா? பெருசா இல்லல்ல? இப்போ கையைச் சரிவா கீழே தொங்கவிட்டு, மேலே தூக்கு."

செஞ்சு பாருங்க. விரல் நுனி மேலே போறப்போ வெளியேயும் தள்ளிக்கிட்டுப் போகும். ஸ்டீயரிங் பாக்ஸ்லேர்ந்து சக்கரத்துக்குப் போற டிராக் லிங்க்கும் அப்படித்தான். ஆரம்பத்துல கிட்டத்தட்ட படுத்தவாக்குல இருந்தது, பாடி ஏறினதும் சரிவாயிடுச்சு. இனிமே ஒவ்வொரு குழியிலயும் சக்கரம் ஏறி இறங்கறப்போ, அந்தத் தண்டே சக்கரத்தைத் திருப்பும். டிரைவர் சும்மாதான் உட்கார்ந்திருப்பார்!

மூணாவது அந்த சாமியாட்டம். இங்கேதான் மாமா எங்களை ஆச்சரியப்படுத்தினார். எங்களில் ஒருத்தனை ஸ்டீயரிங்கை லேசா இடமும் வலமும் ஆட்டச் சொன்னார். இன்னொருத்தனைக் கீழே படுத்து ஒவ்வொரு மூட்டா கையை வெச்சுப் பார்க்கச் சொன்னார். இடது பக்க டை ராடு எண்ட் 'டொக் டொக்'னு ஆடுச்சு. அப்புறம் ஜாக்கி போட்டு, சக்கரத்தோட உச்சியையும் அடியையும் பிடிச்சு ஆட்டினார். ப்ளே இருந்துச்சு. "இப்போ பிரேக்கை மிதி." அப்பவும் ஆடுச்சு. "பிரேக் மிதிச்சா ஆட்டம் நின்னிருந்தா வீல் பேரிங். நிக்கலை, அப்போ கிங் பின்."

"மாமா, இதெல்லாம் லிஃப்ட் பண்ணதால வந்ததா?"

"இல்ல மாப்ள. இது ஒங்கப்பன் ஓட்டுறப்பவே தேய்ஞ்சதுதான். ஒல்லி டயர்ல, முப்பது வேகத்துல அது வாயை மூடிக்கிட்டு இருந்துச்சு. நீ கனமான டயரை மாட்டி, சாய்மானத்தைக் கெடுத்து, அதைப் பேச வெச்சுட்ட."

இந்த ஆட்டத்துக்கு ஸ்டீயரிங் டேம்பர்னு ஒண்ணு மாட்டிட்டா போதும்னு பலபேர் சொல்வாங்க. அது காய்ச்சலுக்கு ஈரத்துணி. சூடு தெரியாது, நோய் உள்ளேயே இருக்கும்.

கடைசியா டார்ச் அடிச்சு ஒரு இடத்தைக் காட்டினார். முன் பிரேக் ஹோஸ். ரப்பர் குழாய், வீணைத் தந்தி மாதிரி விறைப்பா நின்னுச்சு. பாடி ஏறிடுச்சு, ஹோஸ் பழைய நீளம்தான். ஒரு பக்கச் சக்கரம் ஆழமான குழியில தொங்கியிருந்தா, குழாய் பிடுங்கிக்கிட்டிருக்கும். இறக்கத்துல பிரேக் ஆயில் மொத்தமும் ரோட்டுல.

மூணாவது வளைவோட நாங்க திரும்பினது எவ்வளவு பெரிய நல்ல காரியம்னு அப்பதான் உறைச்சுது.

வளர்ந்ததைக் குறைப்போமா?

"ரெண்டு வழி இருக்கு"ன்னார் மாமா. "உசரமாத்தான் வேணும்னா முழுசா செய்யணும். ஆப்பு, நீள ஹோஸ், நீள அப்சார்பர், டிராக் லிங்க் சரிவைக் குறைக்க வேற ஆர்ம், பின்னால புரொப்பல்லர் ஷாஃப்ட் கிராஸ் ரெண்டும் ஒரே கோணத்துல வர்ற மாதிரி இன்னொரு ஆப்பு. இல்லேன்னா ஷாஃப்ட் அதிர்ந்தே கிராஸைத் தின்னுடும். சாமான் வரவே ஒரு வாரம் ஆகும். எல்லாம் செஞ்சாலும் கனம் மேலே போயிடுச்சு. ஆளுங்களை ஏத்திக்கிட்டு வளைவுல சாயறப்போ அது தெரியும்."

"இன்னொண்ணு?"

"பழைய சேக்கிளை வெச்சிருக்கியா?"

வெச்சிருந்தான். சாக்குல கட்டி வீட்டுப் பரண்ல. பழைய டயரும் இருந்துச்சு. ஆறு மாசப் பந்திக் காசு. நண்பன் ரெண்டு நிமிஷம் வாசல்ல போய் நின்னான். திரும்பி வந்து, "கழட்டிடுங்க மாமா"ன்னான்.

ராத்திரி பதினொண்ணு வரைக்கும் வேலை. எங்க நாலு பேர் கையிலயும் கிரீஸ். சொருகின பட்டை வெளியே வந்துச்சு. பழைய சேக்கிள், பழைய டயர். டை ராடு எண்ட் புதுசு. கிங் பின் பேரிங்கை இறுக்கம் பார்த்து உட்கார வெச்சார். கடைசியா டயர்ல சாக்பீஸ் கோடு போட்டு, ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல முன்னால ஒரு அளவு, பின்னால ஒரு அளவு எடுத்தார். முன்னால 2, 3 மில்லிமீட்டர் கம்மியா இருக்கணுமாம். அதான் டோ-இன். கம்ப்யூட்டர் இல்லை, டேப்பும் சாக்பீஸும்தான்.

மலை சொன்ன பதில்

விடிஞ்ச பிறகுதான் கிளம்பினோம். ராத்திரியில அந்தப் பக்கம் வண்டி ஓட்டாதீங்க. யானை நடமாட்டம் உள்ள ஏரியா. 2023-ல பிடிச்சு இடம் மாத்தின அரிக்கொம்பன் இந்த சின்னக்கானல் பக்கத்து ஆள்தான். ஸோ, சூரிய உதயம் போச்சு. ஆனா, பதினேழு வளைவும் வெண்ணெய். ஒவ்வொரு வளைவு முடிஞ்சதும் ஸ்டீயரிங் தானா கைக்குள்ள வழுக்கிக்கிட்டு நேரா வர்றதைப் பார்க்கறது ஒரு தனி சுகம்!

சூரியநெல்லியில நம்ம வண்டியை நிறுத்திட்டு, உள்ளூர் ஜீப் எடுத்தோம். எல்லாரும் செய்யற வழக்கம் அதுதான். அந்தப் பாதையை 'ரோடு'ன்னு சொன்னா ரோடு கோச்சுக்கும். பாறை, பள்ளம், பாறை, பள்ளம். அவ்வளவுதான். வயித்துல இருக்கற இட்லி மாவா திரும்பிடும். இதுல தினமும் ஏறி இறங்கற ஜீப்புகளைக் கொஞ்சம் குனிஞ்சு பார்த்தேன். நான் பார்த்த ஒண்ணுகூட உயரம் ஏத்தினது இல்லை. சாதா உயரம், ஒல்லி டயர், கிரீஸ் வெச்ச பட்டை. டிரைவர் அண்ணன் ஒவ்வொரு கல்லையும் பேர் சொல்லிக் கூப்பிடற மாதிரி, எந்தச் சக்கரத்தை எந்தக் கல்லு மேல வைக்கணும்னு தெரிஞ்சு வெச்சு ஏத்தினார். நண்பன் ஒரு வார்த்தை பேசாம அவர் கையையும் காலையுமே பார்த்துக்கிட்டு வந்தான்.

மேலே கொழுக்குமலை. கடல் மட்டத்துலேர்ந்து 7,000 அடிக்கும் மேல. தேயிலைச் சரிவு முடியற விளிம்புல நின்னா, கீழே மொத்தத் தேனி மாவட்டமும் விரிஞ்சு கிடக்குது. மேகக் கடல் கலைஞ்சுட்டதால போடி ஊரே தீப்பெட்டி தீப்பெட்டியா தெரிஞ்சுது. மரத்துல கட்டின பழைய தேயிலை ஃபாக்டரி. உள்ளே பழங்கால மெஷின்கள் இன்னமும் இலையை உருட்டுது. அங்கே ஒரு டீ குடிங்க. சர்க்கரை கம்மியா!

திங்கட்கிழமை

காலேஜுக்கு கட். விடியற்காலை இருட்டுல நண்பன் வீட்டு வாசல்ல நின்னோம். கறுப்புக் கண்ணாடியோட அப்பா. முதல் நாள் ராத்திரியே பையன் எல்லாத்தையும் சொல்லிட்டான். அவர் ஒண்ணும் சொல்லலையாம். சாக்குல கிடந்த நீள சேக்கிளை எடுத்துப் பார்த்துட்டு, ஓரமா வெச்சுட்டாராம்.

இன்னும் கொஞ்ச நாளைக்கு அவர் ஓட்டக்கூடாது. பையன்தான் ஓட்டணும். அப்பா பக்கத்து சீட்டுல உட்கார்ந்து, ஜன்னல் வழியா கையை நீட்டாம ஸ்டீயரிங்கை மட்டும் ஒருதரம் லேசா ஆட்டிப் பார்த்தார்.

"டை ராடு எண்ட் மாத்தினியா?"

"ஆமாப்பா."

"நானே மாத்தணும்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்."

அவ்வளவுதான் பேச்சு. தூக்குவாளிகள் ஒவ்வொண்ணா வந்துச்சு. அப்பத்தா பேசிக்கிட்டே வந்தாங்க, படியைப் பார்க்காமலே காலை வெச்சு ஏறி உட்கார்ந்தாங்க. முப்பது வருஷமா அவங்க காலுக்குத் தெரிஞ்ச உயரம்!

உங்க கேங்ல யாராவது வண்டியை ஏத்தியிருக்காங்களா? இதைக் கட் பண்ணி பர்ஸ்ல வெச்சுக்கோங்க!

* நேர் ரோட்டுல அலையுதா, ஸ்டீயரிங் திரும்பி வரலையா? காஸ்டர் கோணத்தைப் பாருங்க.

* குழியில விழறப்போ தானா திரும்புதா? டிராக் லிங்க் சரிவு.

* குறிப்பிட்ட வேகத்துல முன்சக்கரம் உதறுதா? பிரேக்கை ஓங்கி மிதிக்காம வேகத்தைக் குறைங்க. அப்புறம் டயர் காற்று, வீல் பேலன்ஸ், டை ராடு எண்ட், கிங் பின், டோ-இன்... இந்த வரிசையில பாருங்க.

* வேகம் ஏற ஏற அடியில 'கிர்ர்'னு அதிர்வா? புரொப்பல்லர் ஷாஃப்ட் கோணம்.

* எல்லாத்துக்கும் முன்னாடி, ஜாக்கி போட்டு சக்கரத்தைத் தொங்கவிட்டு பிரேக் ஹோஸ் எட்டுதான்னு பாருங்க. எட்டலைன்னா வண்டியை எடுக்காதீங்க.

* 28 இஞ்ச் டயருக்குப் பதில் 31 போட்டா, ஸ்பீடோமீட்டர் 45 காட்டறப்போ நிஜ வேகம் கிட்டத்தட்ட 50.

* ஆர்.சி. புக்ல இருக்கற விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தறதை மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு தடுக்குது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் இதை உறுதி பண்ணியிருக்கு. செலவு பண்றதுக்கு முன்னாடி ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க, பாஸ்!